கொட்டகைக்குப் போன டீச்சர்

சிதம்பரத்தில் அந்தத் தெருவில் வேதக்கார வீடு ஒன்றுதான், ஞானசவுந்தரி டீச்சருடையது. கணவர் இறந்துவிட்டார். மகன் சார்லஸ் பெங்களூரில் குடும்பத்தோடு இருந்தான். பள்ளியில் ஓய்வு பெற்றபின், சாயங்காலம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள்தான் அவளுக்குப் பேச்சுத்துணை.

2005 மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு சுப்பராயலுவின் தம்பி இளவரசு திரும்பி வந்தான். பண்ருட்டியில் பலாப்பழ லோடு ஓட்டியவன். எய்ட்ஸ் என்று தெரிந்ததும் அண்ணன் அவனைப் பின்பக்க மாட்டுக் கொட்டகையில் படுக்க வைத்தார். சோற்றுத் தட்டைக் கழியால் தள்ளிவிடுவார். அவன் தண்ணீர் கேட்டு முனகுவது டீச்சரின் சமையலறைவரை கேட்டது.

இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் கஞ்சியோடு போனாள்.

கடலூர் ஆஸ்பத்திரிக்கு அவளே அவனை வாடகைக் காரில் கூட்டிப்போனாள். தொட்டால் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதைத் தெருவில் வீடுவீடாகச் சொல்லியும் பார்த்தாள். யாரும் நம்பவில்லை. டியூஷன் பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டார்கள். மாதா கோயிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்கூட நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேல? கொழந்தைய வச்சிக்கிட்டு கிறிஸ்மசுக்கு நாங்க எப்படி வர்றது?" என்றான் சார்லஸ் போனில்.

அவர்கள் வரவில்லை. பண்டிகை அன்று பூசை முடிந்து வந்து தனியாகச் சாப்பிட்டாள். செபமாலை சொல்ல உட்கார்ந்தால் பாதியில் நின்றுபோனது. ஆண்டவரும் அவளோடு பேசுகிறவராகத் தெரியவில்லை.

ஒருநாள் புண்ணுக்கு மருந்து போடும்போது இளவரசு கேட்டான்.

"டீச்சர், நான் ஒங்க வேதத்துல சேரணுமா?"

"அதுக்காக நான் வரல."

"பின்ன எதுக்கு வர்றீங்க?"

"நீ முனகறது எனக்குக் கேக்குது. கேட்டப்புறம் உள்ள உக்காந்து எப்பிடிப்பா செபம் சொல்றது?"

பங்குனியில் அவன் இறந்துபோனான். உடம்பைத் தொட ஆள் வரவில்லை. சுப்பராயலு வேப்பமரத்தடியில் நின்று அழுதாரே தவிரக் கிட்டே வரவில்லை. டீச்சர் தனியாளாகக் குளிப்பாட்டத் தொடங்கினாள். புரட்ட முடியாமல் திணறியபோது, சுப்பராயலுவின் மனைவி அமிர்தம் குடத்தோடு உள்ளே வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மைத்துனனின் தோளைப் பிடித்தாள்.

"இப்பிடித் திருப்பட்டா டீச்சர்?"

அதன்பிறகும் பிள்ளைகள் டியூஷனுக்கு வரவில்லை. கோடை விடுமுறைக்கும் சார்லஸ் வரவில்லை. ஆடியில் ஒரு காலை அமிர்தம் பையும் கையுமாக வாசலில் நின்றாள்.

"மங்கலம்பேட்டையில எங்க பெரியம்மா மவ இதே நோவுல கெடக்குது டீச்சர். பெத்தவங்களே கிட்ட போவலயாம். நான் போறேன்."

"வூட்டுல என்னா சொன்னாரு?"

"கத்துனாரு. நீங்க செஞ்சத ரெண்டு கண்ணால பாத்துட்டு நான் சும்மா குந்தியிருக்க முடியுமா?"

"நானும் வரட்டுமா?"

"வேணாம் டீச்சர். ஒங்களுக்கு முட்டி வலி. நான் பாத்துக்கறேன்."

அமிர்தம் விறுவிறுவென்று பஸ்ஸுக்கு நடந்தாள். தெரு திரும்பும்வரை டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. தன்னையும் கூப்பிட்டிருக்கலாம் என்றும் இருந்தது. கதவைச் சாத்தாமல் உள்ளே போனாள்.