ஈரக்கரை எறும்புகள்

வாசலுக்கு முன்னால் இருந்த சிவப்பெறும்புப் புற்றில் எலோடியா இன்னொரு பானைக் கொதிநீரை ஊற்றினாள். புல்லே முளைக்காத வட்டம், நடுவில் சரளைக்கல் குவித்த பொந்து. எங்கள் பாலைவனப் பள்ளத்தாக்கில் எறும்பு என்றால் எல்லோரும் அந்தப் பெரிய சிவப்பைத்தான் நினைப்போம்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து மகள் நியெவெஸ் கேட்டாள். "அம்மா, நான் எப்ப வெளிய வரலாம்?"

"இதெல்லாம் சாகட்டும் கண்ணு."

"எல்லாமேவா? பாவம்மா."

எலோடியா பானையில் மிச்சமிருந்ததையும் கவிழ்த்தாள். போன மாதம் காலில் எறும்பு கடித்துக் குழந்தைக்குத் தொண்டை அடைத்துப்போனது. கடைசி நிமிடத்தில்தான் மூச்சு திரும்பியது. 'அடுத்த கடி இதைவிட மோசமாக இருக்கும். தடுக்க ஊசி மருந்து உண்டு. ஆனால் கடித்தது எந்த எறும்பு என்று தெரிந்தாக வேண்டும். எல்லா எறும்புக்கும் மருந்து இல்லை' என்றார் டாக்டர். ரத்தப் பரிசோதனையிலும் தெளிவு கிடைக்கவில்லை. கணவன் அபுந்தியோ தூரத்து மாநிலத்தில் ரயில் பாதை வேலையில் இருந்தான். அவள் மகளை வீட்டுக்குள் பூட்டி வைத்தாள்.

தகரக் கூரை வீடு ஜூலையில் அடுப்பாகிவிடும். அன்று பிற்பகல் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் தரையில் கிடந்தது. எலோடியா அவளைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனாள். அங்கே நிழல் இருந்தது, பசும்புல் இருந்தது. வெறும் வட்டமோ சரளைப் பொந்தோ கண்ணுக்கெட்டிய வரை இல்லை. எங்களில் யாராக இருந்தாலும் அங்கேதான் கொண்டு போயிருப்போம். மூச்சடைத்தால் உடனே போடச் சொல்லி டாக்டர் கொடுத்திருந்த அவசர ஊசியை இடுப்பில் செருகிக்கொண்டு போர்வையை விரித்தாள்.

அக்கரையில் பெர்பெத்துவா தன் வயலுக்குத் தண்ணீர் விட மடைப்பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அவள் நியெவெஸின் ஞானத்தாய், ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்தியவள். பிள்ளையின் தாயும் ஞானத்தாயும் சண்டை போடுவது எங்களுக்குப் பாவம். ஆனால் வசந்தத்தில் வாய்க்கால் தூர்வாரிய நாளில், ஊர் முன்னால் எலோடியா அவளைத் தண்ணீர்த் திருடி என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து பேச்சில்லை.

"என்ன, திருடிக்குக் காவல் இருக்க வந்தியா?" என்றாள் பெர்பெத்துவா.

"உன் முறைன்னா திறந்துக்க. யாரு தடுத்தா?"

"பொண்ணு எப்படி இருக்கா?"

எலோடியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மடை திறந்து தண்ணீர் ஏறியது, கரை நனைந்தது.

குழந்தை வீறிட்டாள்.

கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஏதோ ஊர்ந்தது. எலோடியா அதைப் பார்க்கவில்லை. வீங்கும் உதடுகளைத்தான் பார்த்தாள். ஊசியைத் தொடையில் அழுத்தினாள். பெர்பெத்துவா பாவாடையோடு வாய்க்காலில் இறங்கி வந்து, வெறும் கையால் அந்தக் காலை வழித்து வழித்துத் துடைத்தாள். "மூச்சு விடு தங்கம், விடு, விடு..."

ஆம்புலன்ஸ் வந்தது. எலோடியா மட்டும் மகளோடு ஏறினாள்.

குழந்தை பிழைத்துவிட்டாள். ஆனால் டாக்டர் மறுபடியும் அதையே கேட்டார். "எந்த எறும்பு?"

"நான் பாக்கல டாக்டர். அவ மூஞ்சியத்தான் பாத்தேன்."

"வீட்டு வாசல்ல இருக்கற பெரிய சிவப்பா இருந்தா அதுக்கு எங்ககிட்ட மருந்தில்லம்மா."

ஆஸ்பத்திரியின் சின்னக் கோயிலில் எலோடியா முழந்தாளிட்டாள். ஜெபமாலை கையில் இருந்தது, ஜெபம் வரவில்லை. வாழ்நாள் முழுக்கப் பிள்ளையை எந்தப் பூட்டுக்குள் வைப்பது? மாதாவே, எறும்பில்லாத இடம் உண்டா? உலகத்தில் யாரும் கேட்காததை அவள் கேட்டாள். எனக்கு ஓர் எறும்பைக் காட்டு.

மறுநாள் காலை பெர்பெத்துவா வந்தாள். ஒரு கையில் துணி சுற்றிய சோளரொட்டி, இன்னொரு கையில் ஜாம் பாட்டில்.

"உன் போர்வைய எடுத்துத் துவைக்கலாம்னு போனேன். எறும்பு ஒரு ஊரே அதுல குடியிருந்துச்சு. புடிச்சுட்டு வந்துட்டேன்."

எலோடியா பாட்டிலைப் பார்க்கவில்லை. பாட்டிலைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். விரலெல்லாம் வெள்ளைத் தலை வைத்த சீழ்க் கொப்புளங்கள். போன மாதம் நியெவெஸின் பாதத்திலும் இதே கொப்புளங்கள்தான். சொறிந்து அழுக்கு சேர்ந்தது என்று சோப்பு போட்டுக் கழுவிவிட்டாளே, டாக்டரிடம் அதைச் சொல்லவே இல்லையே!

டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். பொடியும் பெரிதும் கலந்த கூட்டம். செம்பு நிறத் தலை, கறுத்த வயிறு. பிறகு பெர்பெத்துவாவின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நெருப்பெறும்பு. இந்தப் பாலைவனத்துல ஈரம் எங்கயோ அங்கதான் இது இருக்கும். வாய்க்கால் கரை, புல்தரை, சொட்டுக்குழாய் ஓரம். மேடா புத்து கட்டாது, அதான் கண்ணுக்குத் தெரியல." கொஞ்சம் நிறுத்தினார். "இதுக்கு மருந்து இருக்கு. வருஷக்கணக்கா ஊசி போடணும். அதுவரைக்கும் ஜாக்கிரதையா இருக்கணும்."

 பெர்பெத்துவா எலோடியாவைப் பிடித்து உட்கார வைத்தாள். ஊர் முன்னால் சொன்ன சொல் இருவருக்கும் நடுவில் இன்னும் இருந்தது. அதைத் திரும்ப எடுக்க எலோடியாவுக்கு வாய் வரவில்லை. எழுந்து போய்க் கைக்குட்டையைக் குளிர்ந்த நீரில் நனைத்துக்கொண்டு வந்தாள். அந்தக் கொப்புளக் கையைத் தன் மடியில் வைத்து மெதுவாகச் சுற்றினாள். அவள் கண்ணீர் துணிமேல் விழுந்தது.

"போதும்டி, ரொம்ப நனைக்காத" என்றாள் பெர்பெத்துவா. "எறும்பு வந்துரும்."