கிழக்கு ஜன்னல்

தச்சர் ஜீவா கூலியைச் சொன்னார். சரி என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாண்ணாத்தே, ஒடம்பு கிடம்பு செரியில்லியா? கொறைக்கச் சொல்லவேயில்ல?"

ஆவடி மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவன் பேரம் பேசாவிட்டால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிச்சுக் குடு, போதும்."

"அண்ணி வராங்களா?"

"வரா. தையல் மிஷின எடுக்க."

திருநின்றவூரில் எங்கள் வீடு. கிழக்கு ஜன்னலின் வெளிச்சட்டம் மூன்று மழை குடித்து, கீழ்முனை ஊறின ரஸ்க் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த வழியாகத் தண்ணீர் என் மனைவி சுதாவின் மிஷின் மேலேயே இறங்கும். மாற்றச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வந்த தச்சர்களையெல்லாம் விலை பேசியே துரத்தினேன். போன ஐப்பசியில் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கை கறையாகிவிட்டது.

"இத்த மாத்தலன்னா எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்."

"போயேன்" என்றேன்.

கடையில் அப்படித்தான். வாடிக்கையாளர் படியிறங்கினால் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. நாலாவது அடியில் அவரே திரும்புவார். நானும் செய்தித்தாளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவள் அடிகளை எண்ணினேன். நாலு, ஏழு, பத்து. கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா வீடு வேப்பம்பட்டில், அடுத்த ஸ்டேஷன். முதலில் வாயைத் திறப்பவனுக்குத்தான் நஷ்டம் என்று பத்து மாதம் உட்கார்ந்திருந்தேன்.

ஜீவா பழைய பெயின்ட்டைச் சுரண்டினார். உளுத்த முனையை அறுத்துத் தேக்குத் துண்டு ஒட்டுப்போட்டார். பிரைமர் காய்ந்ததும் அவளுக்குப் பிடித்த நீலம், இரண்டு கோட். நானே வெளியிலிருந்து நாலு வாளித் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சுதா தன் தம்பி இளங்கோவோடு குட்டியானை வண்டியில் வந்தாள். சட்டத்தின் மேல் விரலை ஓட்டினாள். ஜன்னலைத் திறந்து மூடினாள்.

"நல்லா செஞ்சிக்கீறாரு. பேரம் பேசுனீங்களா?"

"இல்ல. ஒனக்காகத்தான் செஞ்சேன். இருந்துடு சுதா."

மிஷின் மேலிருந்த துணியை எடுத்து மடித்தாள்.

"எங்கம்மா மிஷின்ல தெனம் வாசலப் பாத்துகினே தச்சேன். ஒரு டிக்கெட்டு எடுக்க ஒங்களுக்கு மனசு வர்ல. போன மாசந்தான் செவுரப் பாத்தாப்ல திருப்பிப் போட்டேன். இப்ப தையலு நேரா வருது."

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபம் இருந்திருந்தால் பேச ஏதாவது இடம் கிடைத்திருக்கும்.

"தூக்கு இளங்கோ" என்றாள்.

பழைய இரும்பு மிஷின், நல்ல கனம். இளங்கோ ஒரு பக்கம் பிடித்தான். மறுபக்கத்துக்கு ஆள் இல்லை. நான் பிடித்தேன்.