சராயேவோவில் ஓர் இடம்

1929 அக்டோபரில் எங்கள் மாகாணம் இல்லாமல் போனது. நாட்டில் இருந்த முப்பத்து மூன்று மாகாணங்களையும் கலைத்து ஒன்பதாக்கிவிட்டார்கள். ஒன்றுக்குக் கடலின் பெயர், மற்ற எட்டுக்கும் நதிகளின் பெயர். நாங்கள் திரினா நதிக்குள் விழுந்தோம். தலைநகரம் சராயேவோ, மலைகளுக்கு அந்தப் பக்கம்.

"நதிப் பேரு வச்சதும் நல்லதுக்குத்தான். இனிமே கவர்ன்மென்ட் மூழ்கிப்போனா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க" என்றார் எங்கள் அலுவலக வாயில்காவலர் ராதோவான். சொல்லிவிட்டு உடனே சிரிக்கவில்லை. தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார். அரசர் எல்லா அதிகாரத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்ட வருடம் அது; எல்லோருமே அப்படித்தான் சிரித்தோம்.

மூடப்போகிற அந்த மாகாண அலுவலகத்தில் நான் தட்டச்சு வேலையில் இருந்தேன். என் கணவர் வுகோசாவ் ஆவண அறையில். அவருக்கு எதிர் மேசையில் மிலெந்தியே. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சாட்சியாக நின்றவர் அவர்தான்; எங்கள் வழக்கப்படி கூம், அவருக்கு நான் கூமா. கூம் என்றால் ரத்த உறவுக்கும் மேலே. கூமோடு யாரும் வழக்காடுவதில்லை, அவருடைய வீட்டில் பெண் எடுப்பதில்லை.

ஆவண அறையிலிருந்து ஒருவருக்கு மட்டும் சராயேவோவில் இடம் உண்டு என்று சொன்னார்கள். மற்றவர் கடிதம் வரும்வரை வீட்டில் காத்திருக்க வேண்டும். அந்தக் கடிதம் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். வுகோசாவுக்கு நாற்பத்தாறு வயது. காகிதங்களை அடுக்குவதைத் தவிர அவருக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

ஒவ்வொருவரைப் பற்றியும் மேலிடத்துக்கு ரகசிய மதிப்பீடு போக வேண்டும்; முடிவு அங்கேதான். மூத்தவர்களைப் பற்றி அலுவலகத் தலைவரே எழுதுவார். வுகோசாவைப் பற்றி எழுத வேண்டியவர் அறையின் மூத்தவரான மிலெந்தியே. எல்லாக் கைப்பிரதிகளும் தட்டச்சுக்காக என்னிடம்தான் வரும். பத்து வந்தன. வுகோசாவுடையது வரவில்லை.

"கூமே, அவரோட காகிதம் மட்டும் என் கைக்கு வரலையே" என்று மிலெந்தியேவிடம் கேட்டேன்.

"அதுவா... அது போயிடுச்சு கூமா. கையாலேயே எழுதிக் குடுத்துட்டேன்." இழுப்பறைக்குள் எதையோ தேடினார்.

"ஏன், என் மெஷின் கசக்குதா உங்களுக்கு?"

"உனக்குத்தான் வேலை ஜாஸ்தியா இருக்கே, அதான்."

இழுப்பறையில் ஒன்றுமே இல்லை. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன், அது காலியாக இருந்தது.

அன்று சாயங்காலம் சூப்பை ஊற்றிக்கொண்டே கணவரிடம் கேட்டேன். "கோடையில மதுக்கடையில உட்கார்ந்து, நாட்டைச் சீஸ் அடை மாதிரி வெட்டப் போறானுங்கன்னு சத்தமா சொன்னீங்களே, அப்போ பக்கத்துல யாரு இருந்தது?"

"மிலெந்தியே. அவனுக்கென்ன?"

"அதை எழுதினா போதும், உங்க கதை முடிஞ்சுது."

"பைத்தியமா உனக்கு? அவன் எனக்காக ஒரு கையையே வெட்டிக் குடுப்பான்டி."

"கையைக் குடுப்பார். நாற்காலியைக் குடுப்பாரா?"

அவர் ரொட்டியைப் பிட்டுச் சூப்பில் போட்டுக்கொண்டார். அவருக்கு மனிதர்களைச் சந்தேகிக்கத் தெரியாது. அதனாலேயே வீட்டில் அந்த வேலையும் என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. நான் அதை நன்றாகச் செய்தேன். மிலெந்தியே கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தார், தலைவரின் அறைக்கு எத்தனை முறை போனார் என்பதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போனேன். என்னிடமும் ஓர் ஆவண அறை இருந்தது.

மறுநாள் மிலெந்தியேவைப் பற்றிய கைப்பிரதி வந்தது, தலைவரின் சாய்ந்த எழுத்தில். நான்காவது வரி: "1915 போரின் பின்வாங்கலில் படையோடு அல்பேனிய மலைகளை நடந்து கடந்தவர், அதற்கான பதக்கம் பெற்றவர்." அந்த ஒரு வரி இருந்தால் மற்ற வரிகள் தேவையில்லை. வுகோசாவ் அந்தக் குளிர்காலத்தில் கைதிகள் முகாமில் இருந்தார். கைதிக்குப் பதக்கம் இல்லை.

மூன்றாவது வரிவரை தட்டச்சில் அடித்தேன். விரல்கள் தாமாகவே தவறிவிட்டன என்று சொல்ல எனக்கு ஆசைதான். இல்லை. விரல்களை எடுத்தேன். உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்தேன். பிறகு ஐந்தாவது வரியை அடித்தேன்.

தலைவர் வாசிக்காமல் கையெழுத்திட்டார். "கொசாரா அடிச்சதைச் சரிபார்த்தா அவளுக்கே அவமானம்" என்பது என்னைப் பற்றி அவர் எப்போதும் சொல்வது. கைப்பிரதிகளை அன்றே அடுப்பில் போடுவது விதி. அவற்றோடு அதையும் போட்டேன்.

மாதக் கடைசியில் புனித லூகாவின் நாள். எங்கள் வீட்டுப் புனிதர் அவர். அந்த நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. வர வேண்டியவர்கள் வருவார்கள், வந்தவரை ஏன் வந்தாய் என்று கேட்கக் கூடாது. பத்து வருடங்களாக முதலில் வருகிறவர் மிலெந்தியே, பத்து மணிக்கெல்லாம். குற்றம் உள்ளவன் புனிதருக்குப் படைத்த கோதுமையைத் தொட மாட்டான் என்று நம்பி வளர்ந்தவள் நான். ஆகவே அவர் வராவிட்டால் என் கணக்கு சரி.

கோதுமையை வேகவைத்து, அரைத்து, அக்ரூட்டும் சர்க்கரையும் சேர்த்துப் பிசையும்போது, அவர் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். புனிதரிடமே வேண்டினேன்.

பத்தாயிற்று. பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டிவிட்டுப் போனார். அக்கம்பக்கத்தார் வந்து ரக்கியா சாராயம் குடித்து, உப்புக்கண்டம் தின்றார்கள். பன்னிரண்டாயிற்று. வுகோசாவ் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"பார்த்தீங்களா?" என்றேன் மெதுவாக.

"என்னத்தைப் பார்க்க? வழியில சேறு."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க வேண்டாம். நான் நல்லவளாகிக்கொண்டிருந்தேன், நிமிடத்துக்கு நிமிடம்.

ஒரு மணிக்கு அவர் வந்தார். முழங்கால்வரை சேறு. கோதுமைத் தட்டின் முன் நின்று சிலுவையிட்டு, ஒரு கரண்டி எடுத்துத் தயங்காமல் சாப்பிட்டார்.

"ஸ்டேஷன்லேர்ந்து வரேன். தலைவர் சராயேவோவுக்குக் கிளம்பினார், ரயில் லேட்டு. மனுஷன் பெட்டியை விட்டுட்டு மேலேர்ந்து வந்த லிஸ்ட்டைத்தான் கட்டிப் பிடிச்சிருந்தார்." என் கணவரின் தோளில் அடித்தார். "சரி, குடி. சராயேவோவுக்கு நீதான்டா போற."

"நீ?"

"நான் வீட்ல உட்கார்ந்து ராதோவானோட ஜோக்கெல்லாம் கேட்டுக்கிட்டிருப்பேன். வேற யார் கேப்பா?"

வுகோசாவ் அழுதுவிட்டார். மிலெந்தியே அவரை உட்காரவைத்தார்.

"உன் காகிதத்துல கொஞ்சம் தாராளமாவே எழுதினேன். உன் பெண்டாட்டி அதை அடிச்சா, அவளே சேர்த்துக்கிட்டான்னு எவனாவது கிளப்புவான். அதான் கையால எழுதினேன். எனக்குத்தான் அல்பேனியா இருக்கே, அது என்னை எங்கயாவது இழுத்துட்டுப் போகும்னு நெனச்சேன்." கண்ணாடிக் குவளையைச் சுழற்றினார். "இழுக்கலை."

நான் சமையலறைக்குப் போனேன். அங்கே செய்ய எதுவும் இல்லை.

அவர் கிளம்பும்போது கோட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கையை நுழைத்தபடியே கேட்டார்: "தலைவர் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நீ அடிச்சதை வாசிப்பாரா கூமா?"

"வாசிக்க மாட்டார்."

"நல்லது" என்று இன்னொரு கையையும் நுழைத்தார். "எனக்கும் வாசிக்கணும்னு தோணலை."

அதற்குப் பிறகு சராயேவோவில் ஐந்து லூகா திருநாட்கள் கழிந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் மிலெந்தியே ரயிலேறி வருகிறார். பத்து மணிக்கெல்லாம் கதவில் நிற்கிறார். கரண்டியைக் கையில் எடுத்தபின் ஒரு கணம் அசையாமல் இருக்கிறார். ஜெபிக்கிறான் என்கிறார் வுகோசாவ். இருக்கலாம். ஆனால் அந்த ஒரு கணத்தில் அவருடைய கண் தட்டில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் என் விரல்களில் இருக்கிறது. அவருக்குத் தெரியுமா என்று நான் இன்னும் கேட்கவில்லை. வந்தவரிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பது எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது.