தங்கம்மாளின் திட்டு ஏலம் போன கதை

1

இந்தக் கதை எனக்குத் திருவாரூர்ப் பேருந்தில் கிடைத்தது. இருக்கைச் சண்டையில் ஒரு பெண் திட்டிய திட்டில், நடத்துனர் டிக்கெட் கிழிப்பதையே மறந்து நின்றார். இந்தத் திறமையைக் கடவுள் எதற்குக் கொடுத்திருப்பார் என்று யோசித்தேன். அப்படிப் பிறந்தவள் தங்கம்மாள்.

2

'காவிரி நுங்கும் நுரையுமாகப் பொங்கிவந்த அந்த...'

(விட்டுவிட்டேன். தை மாதக் கடைசியில் ஏது நுரை?)

கழக ஆட்சி வந்து இரண்டு வருஷம். கூலித் தகராறில் அறுவடை நின்று, விளைந்த கதிர் வயலிலேயே சாய்ந்து கிடக்கிறது. இந்த நேரம் பார்த்து ஊர்த் தேவாலயத்துக்கு அறுப்பின் பண்டிகை வந்துவிட்டது. வழக்கமாக ஆளுக்கொரு காணிக்கை கொண்டுவருவார்கள். நெல், கோழி, பூசணி. ஜெபம் முடிந்ததும் வாசலில் ஏலம். ஏலம் எடுத்தவர் வீட்டில் காணிக்கை தந்தவரே பொருளைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். இந்த வருஷம் யார் வீட்டிலும் ஒன்றுமில்லை.

“கர்த்தர் குடுத்த தாலந்தை, அவங்கவங்க திறமையை, கொண்டாங்க, போதும்” என்றார் போதகர் செல்லதுரை.

ஒருவர் கூரை வேய்ந்து தருவதாகச் சொன்னார். ஒருத்தி பாய் முடைந்து தருவதாகச் சொன்னாள். தங்கம்மாளுக்குப் பாட்டு வராது, தையல் வராது. வந்தது ஒன்றுதான்.

3

“ஐயா, எனக்குத் திட்டத்தான் வரும். அதையே குடுத்துடறேன்.”

போதகர் இருமினார். “தங்கம்மா, ஆலயத்துல போயி...”

“தீர்க்கதரிசிங்க ராஜாக்களுக்குத் தாலாட்டாங்கய்யா பாடுனாங்க?”

போதகர் காணிக்கைச் சீட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டார். (நான் வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.)

முழங்காலிட்டாள். “ஆண்டவரே, என் வாயை உமக்குக் குடுத்துட்டேன். இனி அது என்னுது இல்ல.” சொல்லும்போது நிஜமாகவே உடம்பு சிலிர்த்தது அவளுக்கு.

4

ஏலத்துக்கு மிராசுதாரின் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் சாமிதுரையும் வந்திருந்தார். மறுநாள் காலை சாமிதுரை வீட்டு வாசலில்தான், தாசில்தார் முன்னிலையில், கூலிப் பேச்சு. போன தடவை தங்கம்மாள் வாயைத் திறந்ததும் மிராசுதார் கூலியை ஏற்றித் தர ஒத்துக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல் எழுந்து போனார். கேட்டதில் இன்னும் அரைப்படி நெல்தான் பாக்கி. அதையும் அவள் வாய்தான் வாங்கித் தர வேண்டும் என்று அவளோடு அறுப்புக்குப் போகும் பெண்கள் நம்பியிருந்தார்கள்.

சாமிதுரை கேட்ட விலைக்கு மேலே கேட்க ஆள் இல்லை.

“இனி இந்தத் திட்டு என் பொருள். நான் சொல்லாம ஒரு சொல்லு வெளிய வரப்படாது” என்றார் சாமிதுரை.

“பாவி நான்! சாமிக்குக் குடுத்ததை மிராசுக்கு வித்துட்டேனே!” என்றாள் தங்கம்மாள்.

[இங்கே அவளைக் கொஞ்சம் அழவிடுகிறேன். சிரிப்புக் கதைதான், ஆனாலும்.]

5

முதல் முடிவு: சாமிதுரை மனந்திரும்புகிறார்.

(மாட்டார். அவரைச் செய்தவன் நான், எனக்குத் தெரியாதா?)

இரண்டாவது முடிவு: வாக்கை மீறி அவள் திட்டுகிறாள். எழுதியும் பார்த்தேன். “சாமிகிட்ட சொன்ன சொல்லை நீங்க மீறுவீங்களா?” என்று என்னையே கேட்டுவிட்டாள்.

மூன்றாவதை அவளே கண்டுபிடித்தாள். காலையில், தாசில்தார் உட்கார்ந்ததும், சாமிதுரை வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“நீங்க ஏலத்துல எடுத்த பொருளை இறக்க வந்திருக்கேங்க.”

சாமிதுரைக்கு வியர்த்தது. “வேணாம் தாயி, நீயே வச்சுக்க!”

“ஐயையோ, காணிக்கையைத் திருப்பி எடுத்துப் போனா பாவங்க. ஒரு சொல்லு மிச்சம் வைக்காம இறக்கிட்டுத்தான் போவேன்.”

மிராசுதார் குடையைத் தேடினார். தங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தாள். வாயைத் திறந்தாள்.

6

இப்போது நான் அந்தத் திட்டை எழுத வேண்டும். நேற்றிலிருந்து முயன்றுவிட்டேன், வரவில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட தாலந்து இதுவரைதான்.

“..............................................”

இடம் விட்டிருக்கிறேன். உங்களிடம் இருப்பதைக் கொண்டுவாருங்கள். கெட்ட வார்த்தை மட்டும் வேண்டாம். அவள் கோயிலுக்குப் போகிறவள். தாசில்தார் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார், பெண்கள் வேலியோரம் மூச்சுவிடாமல் நிற்கிறார்கள். அரைப்படி கிடைப்பது நீங்கள் திட்டுவதைப் பொறுத்தது.