அடுக்குக்கட்டில் தேன்நிலவு

அந்த விடுதியில் பெண்களுக்கு ஒரு கூடம், ஆண்களுக்கு ஒரு கூடம்; இரண்டிலும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குக்கட்டில்கள். தொண்டு செய்ய வருகிறவர்கள் புருஷன் பெண்டாட்டியாகவே இருந்தாலும் அதே ஏற்பாடுதான். இது அவளுக்குப் பெட்டியோடு வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அவனுக்கு முன்பே தெரியும். விடுதிக்காரர் போனில் கேட்டபோதே, "சரிங்க, அதனால என்ன?" என்று தாராளமாகச் சொல்லியிருந்தான்.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் இருவரும் தனியாக எங்கேயும் போனதில்லை. மாமியார், மாமனார், மூத்தார், ஓரகத்தி, பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள். ஒரு வார்த்தை பேசலாமென்று மொட்டை மாடிக்குப் போனாலும் பின்னாலேயே யாராவது ஈரத்துணியோடு வந்து நிற்பார்கள். அதனால்தான், "வனவிலங்குச் சரணாலயத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன விடுதி. பாதி நாள் வேலை செஞ்சா தங்கறதும் சாப்பாடும் இலவசம், மீதி நாள் நமக்கு" என்று அவன் சொன்னதும் துள்ளிக் குதித்தாள். மானையும் மயிலையும் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசையில்லை. அவனைத்தான் தனியாகப் பிடிக்க வேண்டியிருந்தது.

அவள் கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிப்பவள். வேறு ஊரில் திறக்கப் போகும் கிளைக்குப் பொறுப்பாளராக வரச்சொல்லி அவளைக் கேட்டிருந்தார்கள். லீவு முடிந்ததும் பதில் சொல்லியாக வேண்டும். "கூட வருவீங்களா?" என்று அவனைக் கேட்டாள். "சரி, போகலாம்" என்றான். மறுநாளே, "சரிம்மா, போகலை" என்று அவன் தன் அம்மாவிடம் சொன்னதும் அவள் காதில் விழுந்தது. ஓரகத்தியின் பிள்ளைகள் அவனைச் 'சரி சித்தப்பா' என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

இங்கேயும் அதே கதைதான். தண்ணீர் கொட்டும் குழாய், கிளம்பாத ஜீப், பெட்டி தூக்க முடியாத விருந்தாளி, எதற்கும் அவன்தான். அவள் படுக்கை விரிப்புகளைத் துவைத்து உலர்த்தி நிமிரும்போது அவன் காட்டுப் பாதையில் யாருக்கோ வழிகாட்டிக்கொண்டிருப்பான். அவன் திரும்பி வரும்போது அவள் கழிவறை கழுவிக்கொண்டிருப்பாள்.

"உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஆள் கிடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்மா" என்று விடுதிக்காரர் உருகினார்.

"நீங்களே வச்சுக்குங்கண்ணே. திருப்பித் தர வேண்டாம்."

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்.

அன்று பிற்பகல் துணி அறையில் அவள் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தபோது பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. தொடர்ந்து, "குரங்கு! குரங்கு!" என்ற கூச்சல். அவன் மூச்சிரைக்க ஓடிவந்து உள்ளே நுழைந்து கதவைத் தாழிட்டான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் முற்றம் முழுக்கக் குரங்குகள். ஒன்று ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தது. இன்னொன்று அவள் காலையில் துவைத்துப் போட்ட விரிப்பைத் தரையில் இழுத்துக்கொண்டு ஊர்வலம் போனது.

"சமையலறைக் கதவை யாருங்க திறந்து விட்டது?"

"உனக்கு மேல்கட்டில்ல படுக்கிற அந்த அக்கா... ரொம்பப் புழுக்கமா இருக்கு, கொஞ்சம் திறந்து வைக்கட்டுமான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

"நாளைக்கு ஒரு குரங்கு வந்து, உங்க பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேட்டாலும் தலையாட்டுவீங்க."

"மரியாதையா கேட்டா யோசிக்கலாம்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இவ்வளவு நாள் சேர்த்த கோபத்தை வீணாக்க அவளுக்கு மனமில்லை.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. என்கூட அந்த ஊருக்கு வருவீங்களா, மாட்டீங்களா? சரின்னு மட்டும் சொன்னீங்க, கதவைத் திறந்து வெளியில தள்ளிடுவேன்."

திறந்த வாயை அவன் மூடிக்கொண்டான். மடித்து வைத்த துணிகளின் மேலேயே உட்கார்ந்தான். "வர இஷ்டமில்லை" என்றான். "பயமா இருக்கு. உனக்கு அங்க வேலை இருக்கு. எனக்கு அப்பாவோட கடையை விட்டா என்ன தெரியும்? மேடத்தோட வீட்டுக்காரர்னு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கவா?"

மூன்று வருடத்தில் அவன் அவளிடம் சொன்ன முதல் 'இல்லை' அதுதான். சுருக்கென்று தைத்தது. ஆனால் அவன் சொன்னதில் முதல் முறையாக ஒன்றை நம்ப முடிந்தது.

"இதை வீட்டுலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"உன் முகம் வாடிடுமேன்னு..."

"இப்ப மட்டும் பூத்துக் குலுங்குதாக்கும்!" அவள் கையிலிருந்த உறையை அவன் மேல் வீசினாள். "நான் போகத்தான் போறேன்."

"போ. என்னால நீ நின்னுட்டா ஆயுசுக்கும் உறுத்தும். எனக்கு ஆறு மாசம் குடு. கடையை அண்ணன்கிட்ட ஒப்படைச்சிட்டு, அங்க நான் என்ன செய்யலாம்னு பார்த்துட்டு வரேன். உடனே வரேன்னு சொன்னா அது பொய்."

அவள் கேட்டதில் பாதிகூட இல்லை. ஆனாலும் இது அவன் வாயிலிருந்து வந்தது. யாருடைய முகத்துக்காகவும் சொன்னதல்ல.

"அத்தைகிட்ட யாரு சொல்றது?"

"நான்தான். ஊருக்குப் போனதும்..."

"இப்போ."

அவன் ஜன்னலைப் பார்த்தான். குரங்குகளே தேவலை என்பது போல ஒரு பார்வை. பிறகு போனை எடுத்தான். எதிர்முனையில் மாமியாரின் குரல் இவளுக்கும் தெளிவாகக் கேட்டது.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்டா. ரெண்டு நாள் முன்னாடியே வந்துடு. உங்கக்கா வீடு மாத்தறா, கட்டில் பீரோ தூக்க ஆளில்லை."

அவன் வாய் பழக்கப்படியே 'சரி' சொல்லத் திறந்தது. அவள் சுவரைப் பார்த்தாள்.

"முடியாதும்மா."

 "யாருடா பேசறது?" என்றார் மாமியார்.

"நான்தாம்மா. இன்னொண்ணும் சொல்லணும்..." தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னான். அவள் போவதை, ஆறு மாதத்தில் தானும் போவதை, முன்பு 'போகலை' என்று சொன்னது தப்பு என்பதை.

"அவ பக்கத்துல இருக்காளா? குடு அவகிட்ட."

மருமகளின் கை தானாகவே நீண்டுவிட்டது. அவன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தான்.

"குடுக்க மாட்டேன்மா. இது நான் பேச வேண்டியது. நீ திட்டறதா இருந்தா என்னைத் திட்டு."

மாமியார் திட்ட ஆரம்பித்தார். அவன் ம் கொட்டினான், ஆனால் சரி என்று மட்டும் சொல்லவில்லை.

கதவு தட்டப்பட்டது. "குரங்கெல்லாம் ஓடிடுச்சும்மா, வெளியே வாங்க!" என்றார் விடுதிக்காரர். "அவரையும் அனுப்புங்க, கூரையில ஓடு பெயர்ந்திருக்கு."

"அவர் வர மாட்டார்ண்ணே" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள் அவள். "இங்க இன்னும் பேசி முடியலை."