மூன்று துளைக் கல்

சந்திரலேகாவுக்கு நீச்சல் தெரியாது. அண்ணாகிராமத்து முந்திரித் தோப்பில் வளர்ந்தவளுக்குப் பழங்காலக் கப்பல்களை ஆராய எப்படித்தான் மனசு வந்ததோ! படகில் ஏறும்போதெல்லாம் பயப்படுவாள். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான்.

அன்று பயத்தை மீறிய சந்தோஷம். வலையை அடிக்கடி கிழிக்கிற ஒரு கல் கடலடியில் கிடப்பதாக கடலூர் முதுநகர் மீனவர் ராஜவேல் சொல்லியிருந்தார். அவருடைய மச்சான் காத்தவராயன் முங்கிக் கயிறு கோத்துவிட, கல்லைப் படகில் ஏற்றியாயிற்று. இடுப்பளவு உயரம், மூன்று துளைகள். அந்தக் காலத்துக் கப்பலின் நங்கூரம் என்றாள் அவள். சிதம்பரத்திலிருந்த அவளுடைய ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியரோ, கேள்விப்பட்டதுமே ஏதாவது கிணற்றுக் கல்லாக இருக்கும் என்று சிரித்திருந்தார். கல்லை அவர் கண்ணில் காட்டினால்தான் அவளுடைய நான்கு வருட உழைப்பு கரையேறும்.

கூடவே ஒரு தப்பும் செய்தாள். ஜிபிஎஸ் கருவியில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. கல் கிடந்த இடம் தவறிவிடக் கூடாதென்று, படகின் இரும்பு நங்கூரத்தையே மிதவை கட்டி அங்கே அடையாளமாக விட்டுவரச் சொன்னாள். நங்கூரமில்லாமல் யாராவது படகோட்டுவார்களா? ராஜவேல் முகம் சுளித்தார். ஆனால் படித்த பெண் சொன்னால் நம் ஆட்களுக்கு மறுக்க வராது. அரை மணி நேரப் பயணம்தானே என்று விட்டுவிட்டார்.

முகத்துவாரம் தெரிந்த நேரத்தில் எஞ்சின் நின்றது. மிதந்து வந்த கிழிசல் வலை எஞ்சினின் விசிறியில் சுற்றிக்கொண்டது. காத்தவராயன் கத்தியோடு குதித்து அறுக்க ஆரம்பித்தான். காற்று படகை முகத்துவாரத்தின் கருங்கல் அலைத்தடுப்புச் சுவரை நோக்கித் தள்ளியது. அங்கே அலை மோதி ஆள் உயரத்துக்கு எழும்பியது. சந்திரலேகா கல்லைக் கட்டிக்கொண்டாள். கருங்கல்லில் ஓடும் நண்டுகள்கூடக் கண்ணுக்குத் தெரிந்தன.

ராஜவேல் கல்லைப் பார்த்தார். தூக்கிய கயிறு அதன் மேல் துளையிலேயே இருந்தது.

"இது நங்கூரம்தான்னு நிச்சயமா சொல்றியா பாப்பா?"

பேராசிரியரிடம் எத்தனை முறை அடித்துப் பேசியிருப்பாள்! இப்போது கல்லையே கடலில் இறக்கக் கேட்கிறார். அளவெடுக்கவில்லை, ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. அதைவிட, தான் சொன்னது தப்பென்றால்? மூன்று பேரும் அந்தப் பாறையில்தான். தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கைகளை எடுத்தாள்.

ராஜவேல் கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டிக் கல்லைத் தண்ணீரில் தள்ளினார். கயிறு ஓடி விறைத்தது. படகு நிற்கவில்லை. கல் அடியில் இழுபட்டுக்கொண்டே வருவது கயிற்றில் தெரிந்தது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஒரு பெரிய குலுக்கல். திறந்தபோது படகு அலைக்கு முகம் கொடுத்துத் திரும்பி, அங்கேயே நின்று ஆடிக்கொண்டிருந்தது.

எஞ்சின் உயிர் பெற்ற பின், மூன்று பேர் இழுத்தும் கல் வரவில்லை. எங்கோ இடுக்கில் மாட்டியிருந்தது. இருட்டுவதற்குள் போயாக வேண்டும். கயிற்றை அறுக்க ராஜவேல் கத்தியை எடுத்தபோது அவள் தடுக்கவில்லை.

கரையில் கால் வைத்ததும் பேராசிரியரின் அழைப்பு வந்தது. என்ன கல் என்று கேட்டார். நங்கூரம்தான் என்றாள்.

"ஆதாரம் இருக்காம்மா?"

டீக்கடையில் ராஜவேலும் காத்தவராயனும் டம்ளரோடு நின்றார்கள்.

"மூணு பேரு உயிரோட நிக்கிறோம் சார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.