அம்மனுக்கு மீசை

மணிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஏரிக்கரை அம்மனுக்கு மீசை இருக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து கலைமதியை ஊரில் ஒருத்தரும் மதிக்கவில்லை. பொய்யா சொன்னாள்? போன ஐப்பசிக் காற்றில் புடவை விலகியபோது கண்ணாரப் பார்த்தாளே. ஓங்கிய வாள், முறுக்கிய மீசை, மார்பில் தைத்த அம்பு. எந்தக் காலத்துப் போரிலோ விழுந்த வீரனுக்கு நட்ட கல் அது. காலடியில் மூன்று வரி எழுத்து, எண்ணெய் அழுக்கில் புதைந்து கிடந்தது. கடைசிச் சொல் மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது. 'பட்டான்.' போரில் செத்தான் என்று அர்த்தம்.

செத்தது யார்? குலதெய்வம் என்று மொட்டை போட்டு, காது குத்திக் கும்பிடுகிறோமே, அந்த மனுஷனுக்கு ஒரு பேர் இருக்காதா? காஞ்சிபுரத்துக் கல்லூரியில் சரித்திரம் படிக்கிறவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பூசை செய்யும் கங்கம்மாளிடம் கெஞ்சிப் பார்த்தாள். புடவையை அவிழ்க்க ஆத்தா என்ன பொம்மையா என்று விரட்டிவிட்டாள். அப்பா கன்னியப்பனோ, காலாகாலத்தில் கல்யாணம் பண்ணியிருந்தால் இந்தப் பைத்தியம் பிடித்திருக்காது என்றார். சரி, வைகாசித் திருவிழாவில் புடவை மாற்றும்போது பார்க்கலாம் என்றிருந்தால், ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்கு அப்புறம் நாலு பேர் கூடினாலே போலீஸ் வந்து நின்றது. திருவிழா ஆடிக்குத் தள்ளிப் போனது. வெறுத்துப்போய்த் தம்பி சுபாஷிடம் அழுதாள். அந்த அழுக்கு மட்டும் போனால் போதும், படித்துவிடுவேன் என்றாள்.

சுபாஷுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இரும்பு வார்க்கும் கம்பெனியில் வேலை. அக்கா அழுதால் தாங்கமாட்டான். கங்கம்மாள் காலில் விழுந்து எப்படியோ சம்மதம் வாங்கிவிட்டான். ஆடி முதல் வெள்ளிக்கிழமை, கல்லூரி விட்டு பஸ்ஸிலிருந்து இறங்கியவளை அப்படியே கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனான். கங்கம்மாளே சிரித்துக்கொண்டு புடவையை விலக்கினாள்.

கல் பளபளவென்று மின்னியது. சீரியல் லைட்டுக்கு இழுத்த ஒயரில் கரண்ட் எடுத்து, இரும்பைத் தேய்க்கிற கம்பெனி கிரைண்டரைப் போட்டுத் தேய்த்திருக்கிறான். வாள் இல்லை, மீசை இல்லை, எழுத்தும் இல்லை.

"இன்னாக்கா அப்டிப் பாக்கற? நீதானே அழுக்கு போனா படிச்சிடுவேன்னே. லீவு போட்டுக்கினு தேச்சேன். தொட்டுப் பாரு, எப்டி வழுவழுன்னு கீது."

அட பாழாய்ப்போனவனே என்று வாய்வரை வந்தது. அறையக் கையை ஓங்கினாள். அவன் கண்ணிமை வரைக்கும் கல்தூள் அப்பியிருந்தது. ஓங்கிய கையைக் கல்லில் வைத்துத் தடவினாள். கிரைண்டர் எட்டாத அடி மூலையில் மட்டும் விரல் தடுக்கியது. அதே ஒரு சொல்தான்.

"படிச்சிட்டியாக்கா? இன்னா போட்டுக்கீது?"

"செத்துட்டான்னு போட்டுக்கீது," என்றாள் கலைமதி.